சட்டைப் பையில் கிடந்த மாத்திரைகள்

என்னங்க,

பேக்கரிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன்.

நேத்து உங்க வெல்டிங் சட்டையைத் துவைக்க எடுத்தா, பை நிறைய ரத்த அழுத்த மாத்திரை. போட்டாச்சு போட்டாச்சுன்னு தினமும் என் முகத்தைப் பார்த்துதானே சொன்னீங்க? ஏன்னு கேட்டதுக்கு, "அதைப் போட்டா கை காலெல்லாம் சில்லிட்டுப் போகுது, ஏணி ஏற முடியலைடி"ன்னு கத்தினீங்க. நானும் பதிலுக்குக் கத்திட்டேன். அதை டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே. திடீர்னு நிறுத்தினா இதயம் தாறுமாறா அடிச்சுக்கும்னு அவர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே.

நேத்தே அவருக்குப் போன் பண்ணிட்டேன். விட்டதையெல்லாம் சேர்த்து விழுங்க வேண்டாமாம். இன்னைக்கே வரச் சொன்னார், பார்த்துட்டு அளவை மாத்தித் தருவாராம். என் தம்பி கார் கொண்டு வருவான். வீம்பு பண்ணாம அவன்கூடப் போங்க. வேலைக்குப் போகாதீங்க.

நெஞ்சு வலிச்சாலோ, மூச்சு முட்டினாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. என்னைக் கூப்பிடாதீங்க, வேலை நேரத்துல போனை வாங்கி வெச்சுடுவாங்க.

உங்க வாயைத் திறந்து நான் ஊட்டவா முடியும்? தூக்கத்துல நீங்க மூச்சு விடுறீங்களான்னு பார்த்துட்டுத்தான் செருப்பு மாட்டினேன்.

பி.கு.: தம்பிகிட்ட ஒரு சாவி கொடுத்திருக்கேன். ஒருவேளை நீங்க கதவைத் திறக்கலைன்னா... வேண்டாம், நீங்களே எழுந்து வந்து திறங்க.