கடைசிக் காட்சிக்கு நான் எழுதிய வரி

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துவைத்த சுவெட்டர் இன்னும் ஈரம். பள்ளியை மதியத்தோடு விட்டார்கள். தூரத்துப் பிள்ளைகள் வெளிச்சத்திலேயே வீடு சேரட்டும் என்று.

செய்ய வேண்டியவை: எட்டாம் வகுப்புக் கட்டுரைகள். பூண்டு, தீப்பெட்டி. நங்கூரம் முதல் எபிசோடு, மிச்ச சப்டைட்டில்.

கடைசியைத்தான் செய்தேன்.

நங்கூரம் நான் வைத்த பெயர். ஆங்கிலத் தொடர். பனிமூட்டம் முழுக்க மூடிய ஒரு கோள். வெகு உயரத்தில் ஒரு நிலையம். இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு இரும்புவடம். மேலே பிறந்தவர்கள் யாரும் கீழே பார்த்ததில்லை. டோவன் என்பவன் கூண்டில் இறங்கிப் போகிறான். வடத்தைக் கவனித்துக்கொள்ளும் மாரா மேலே காத்திருக்கிறாள். எட்டு எபிசோடு. பார்க்க ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கதை பாதியில்.

மதுரையில் எம்.ஏ. படிக்கும்போது விடுதியில், போர்வைக்குள், காதில் ஒயரோடு பார்த்தது. பிறகு யாரிடமாவது பேச வேண்டும் என்று அலைந்தேன். தோழிகள், "நல்லாருக்கும் போல" என்றார்கள். அதோடு சரி. தனியாக ரசிப்பதில் ஒரு கட்டத்துக்கு மேல் ருசி இல்லை.

இப்போது இரண்டு பேர். சகாயம் அண்ணன்: என் அறைக்குக் கீழ்வீடு, ஜீப் ஓட்டுகிறார், சீசன் இல்லாததால் நாலு மணிக்கே வீட்டில். புவனா: ஏரிக்குப் போகும் வழியில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன். என் வயது. கொடைக்கானலுக்கு வேலைக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் தோழி. இருவருக்கும் ஆங்கிலம் தெரியும், அந்த வேகம் பிடிபடாது. எனவே தமிழில் சப்டைட்டில் நான்.

புவனா நேற்று:

"முடிவு இருக்குல்ல? பாதியில நிக்காதே?"

"இருக்கு."

"பாதியில நின்ன சீரியலாப் பாத்து வெறுத்துப்போயிட்டேன் கயலு. இல்லேன்னா இப்பவே சொல்லிரு, நான் வரல."

"இருக்குடி."

ஏன் அப்படிச் சொன்னேன், தெரியவில்லை. தெரியும். அவள் வர வேண்டும்.

நவ. 6, வியாழன்

மழை இல்லை. மேகம் மட்டும். ஜன்னலைச் சாத்தியும் உள்ளே வந்துவிட்டது.

சகாயம் அண்ணன் வீட்டு ஹால். லேப்டாப்பை அவர்கள் டிவியில் மாட்டினோம். அவர் குல்லாவோடு. புவனா வேலைப் புடவையை மாற்றாமலே. ரோஸி அக்கா (ச. அ. மனைவி), "எனக்கு அடுப்புல சோலி கெடக்கு" என்று உள்ளே போய்விட்டார். அடுக்களைக் கதவு மட்டும் பாதி திறந்து.

நான் டிவியைப் பார்க்கவில்லை. அவர்கள் முகங்களை.

கேட்டவை:

ச.அ.: "அந்த வடம் அந்துச்சுன்னா?"

பு.: "பேசாம பாருங்கண்ணே."

ச.அ.: "கூண்டுக்கு பிரேக்கு எங்கன இருக்கு? காட்டவே மாட்டேங்குறானே."

உள்ளிருந்து ரோஸி அக்கா: "அந்தப் பிள்ளைக்கு ஆத்தா அப்பன் இல்லையா?"

மாராவுக்குத் தாய் தகப்பன் உண்டா? எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி. எட்டு எபிசோடிலும் ஒரு வார்த்தை இல்லை.

மாரா வடத்தில் கன்னம் வைத்து, கீழிருந்து அதிர்வு வருகிறதா என்று பார்க்கும் இடம். குக்கர் விசில் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் ச.அ.: "இன்னைக்குத் தூண்பாறைக்கு ஒரு குடும்பத்தக் கூட்டிட்டுப் போனேன். ஒரே வெள்ளையாக் கெடக்கு. பாறை எங்கேங்குறாங்க. உள்ளதான் சார் இருக்குன்னேன். 'இருக்குன்னு எப்படி நம்புறது'ங்குறான் ஒரு பொடிப்பய. அவனுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

புவனா: "அடுத்தது போடு."

அடுத்தது இன்னும் டைப் செய்யவில்லை.

"டீச்சரே ஹோம்வொர்க் முடிக்கல பாரு" என்றார் ச.அ.

நவ. 9, ஞாயிறு

அய்யம்பாளையம், அம்மா வீடு. வெள்ளனே பேருந்து. முன் இருக்கைக் குழந்தை வளைவுக்கு வளைவு வாந்தி. மலையில் அடைத்த காது வத்தலக்குண்டில் திறந்தது.

அம்மா: "லீவு நாள்லயும் என்னடி பொட்டியத் தட்டிக்கிட்டு?"

"ஒரு படத்துக்குத் தமிழ்ல எழுதுறேம்மா."

"டிவியில போடுவாங்களா?"

"இல்ல. ரெண்டு பேரு பாக்குறதுக்கு."

"ரெண்டு பேருக்கா!" அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். காய்ச்சல்காரியைப் பார்ப்பது போல.

சாயங்காலம் அணைப் பக்கம் நடந்தேன். மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம். அங்கே நான் வாடகைக்கு ஓர் அறை வைத்திருக்கிறேன் என்பதே சந்தேகமாக இருந்தது. நங்கூரத்தில் கீழே இருப்பவர்களின் பக்கத்தைக் காட்டவே இல்லை. வானத்திலிருந்து ஒரு வடம் இறங்கி நிற்கிறது. அதைப் பற்றி அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள்?

சப்டைட்டில் குறித்து. ஒரு வரி இரண்டு மூச்சு நேரம்தான் நிற்கும். சுருக்கியே ஆக வேண்டும். கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டேன் (ரோஸி அக்காவுக்காக). நாலாவதில் மாரா அழுதுகொண்டே சொல்வது கொஞ்சம் தட்டையாக இருந்தது. மெருகேற்றினேன். அவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று. இதைச் செய்யலாமா? யாரைக் கேட்பது?

நவ. 11, செவ்வாய்

ஒரே மூச்சில் நாலு எபிசோடு. ரோஸி அக்கா இப்போது ஹாலில், முறத்தில் பீன்ஸோடு, "நான் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிக்கொண்டே. ஒரு பீன்ஸ்கூட நறுக்கவில்லை.

ஐந்தாவதின் முடிவில் கீழிருந்து வரும் அதிர்வு நின்றுவிடுகிறது.

ச.அ.: "ஆளு காலி."

பு.: "வாயக் கழுவுங்க."

"நான் என்ன பண்றது, இவனுக போன போக்கு அப்படி."

"காலின்னா அப்பவே காட்டிருப்பான். காட்டல. அப்ப இருக்கான்."

புவனா தன் அப்பாவிடம் தினமும் கதை சொல்கிறாளாம். அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுபிள்ளையாகக் கப்பலில் வந்தவர். இவள் பிறந்தது இங்கே. அப்பா ராத்திரிச் சாப்பாட்டில் கேட்கிறாராம்: "கீழ போன பொடியன் கடிதம் கிடிதம் போட்டானா மகள்?"

நான் பார்த்தேயிராத ஒரு மனிதர் டோவனைத் தேடுகிறார். சந்தோஷம். அதற்கு மேல் எழுத வரவில்லை.

கிளம்பும்போது புவனா: "கடைசியில வந்துருவான்ல? சொல்லாத. ஆனா வந்துருவான்ல?"

குனிந்து ஒயரைச் சுருட்டினேன். வெகு நேரம் சுருட்டினேன்.

நவ. 14, வெள்ளி

குழந்தைகள் தின விழா. மைக் இரண்டு முறை செத்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. சுக்குக் காப்பி.

எட்டாவது எபிசோடு. கடைசிக் காட்சி இதுதான்: மாரா தானே கூண்டில் இறங்குகிறாள். பனிமூட்டத்துக்குள் போகிறாள். கூண்டு நிற்கிறது. கதவு திறக்கிறது. வெளியே வெள்ளை. ஒரு குரல், ஆணா பெண்ணா தெரியாதபடி கரகரப்பாக, கேட்கிறது: எத்தனை பேர் வந்திருக்கீங்க? மாரா வாயைத் திறக்கிறாள். திரை கறுப்பு.

அவ்வளவுதான். உலகத்தில் இதற்கு மேல் இல்லை.

அந்த வரியை உள்ளபடியே அடித்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்தேன்.

"வந்துட்டியா மாரா? நான்தான், டோவன்."

ஓட்டிப் பார்த்தேன். நீளம் சரி. குரல் அப்படியே பொருந்துகிறது. மாரா வாய் திறப்பதுகூட ஆச்சரியம் போல ஆகிவிட்டது. ஒரே ஒரு வரி. தொடருக்கு முடிவு வந்துவிட்டது.

காரணங்கள்: வாக்குக் கொடுத்தேன். யாருக்கும் நஷ்டமில்லை. எழுதியவர்கள்கூட இப்படித்தான் முடித்திருப்பார்களோ என்னவோ.

ஒன்றுகூட நிற்கவில்லை. ஆனாலும் அழிக்கவில்லை.

நவ. 16, ஞாயிறு

நல்ல வெயில். பார்த்து முடித்தாயிற்று.

ச.அ. கைதட்டினார். குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "இருந்தான் பாரு! இருந்துட்டான் பயபுள்ள!" ரோஸி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "நான் ஆரம்பத்துல இருந்து சரியாப் பாக்கல, இன்னொரு தடவ போடணும்" என்றார்.

புவனா மட்டும் எழுந்துவிட்டாள். டம்ளர்களை எடுத்து, கழுவி, கவிழ்த்து வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"கடைசியில அந்தக் குரல் என்ன சொல்லிச்சு?"

"எழுதிருந்தேனே. வந்துட்டியா மாரான்னு."

"சரி."

போய்விட்டாள். நான் ஏன் இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னேன்?

நவ. 18, செவ்வாய்

இரண்டு நாளாகப் புவனா போன் எடுக்கவில்லை. பள்ளி விட்டதும் அவள் ஹோட்டலுக்கே போனேன்.

மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்தாள். அப்போது ஒரு குடும்பம் பெட்டிகளோடு உள்ளே வந்தது. வட இந்தியர்கள். புவனா கைகூப்பி, அந்த வேலைச் சிரிப்போடு:

"வெல்கம் சார். ஹௌ மெனி ஆஃப் யூ ஆர் தேர், சார்?"

சொல்லும்போது அவர்களைப் பார்க்கவில்லை. என்னை.

கூண்டு வாசலில் அந்தக் குரல் ஆங்கிலத்தில் கேட்ட அதே வாக்கியம். ஒரு எழுத்து மாறாமல்.

சாவி கொடுத்து அவர்களை மாடிக்கு அனுப்பிவிட்டு வந்தாள்.

"நாள் பூரா இங்க நின்னு நான் கேக்குறது அதுதான் கயலு. தூக்கத்துல கூடச் சொல்லுவேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"முடிவு இல்லடி அதுக்கு. நிறுத்திட்டாங்க. நீ வர மாட்டேன்னு சொன்ன, அதான்…"

"வந்திருக்க மாட்டேன். அது என் இஷ்டம். வந்த பொறகு சொல்லிருந்தா அழுதிருப்பேன், உன்ன நாலு திட்டு திட்டிருப்பேன். அதுவும் என் இஷ்டம். நீ என்ன பண்ணுன? இவளுக்கு இவ்வளவு போதும்னு நீயா அளந்து ஊத்திட்ட. விளங்குதா?"

விளங்குதா, அவள் அப்பாவின் சொல். கோபம் வந்தால் மட்டும் வரும்.

"அப்பாட்ட சொல்லிட்டேன், பொடியன் கெடச்சிட்டான்னு. அன்னைக்கு ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டாரு. இப்ப போயி நான் என்ன சொல்ல?"

போன் அடித்தது. "ரிசப்ஷன், குட் ஈவினிங்" என்றாள், வேறு ஒரு குரலில். நான் வெளியே வந்தேன். ஏரியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நடந்தேன். சைக்கிள் வாடகைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார்.

நவ. 20, வியாழன்

தூறல். கீழ்வீட்டில் நானே போய்ச் சொன்னேன்.

ச.அ. வெகு நேரம் குல்லாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு: "எனக்கு உங்க முடிவே போதும் டீச்சரு. நான் அதையே வச்சுக்கிறேன்."

ரோஸி அக்கா: "நீங்க வச்சுக்கங்க. எனக்கு நெசம் வேணும்."

நாலு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். புவனா. நான் கூப்பிடவில்லை, ரோஸி அக்கா போன் செய்திருக்கிறார். என் பக்கம் திரும்பாமல் டிவிக்கு நேரே உட்கார்ந்தாள்.

"அந்தக் கடைசியப் போடு. உன் எழுத்து இல்லாம."

கூண்டு. வெள்ளை. குரல். கறுப்பு.

முதலில் பேசியவர் ரோஸி அக்கா. "எத்தன பேருன்னு கேட்டா, சோத்துக்கு ஒல வைக்கத்தான் கேப்பாங்க."

"செக்போஸ்ட்லயும் அதத்தான் கேக்குறான்" என்றார் ச.அ. "உனக்கு உலகம் தெரியாது."

"உங்களுக்கு ஒல தெரியாது."

நாலு வருடமாக அந்தக் குரலை நான் பயமுறுத்தலாக மட்டுமே கேட்டிருக்கிறேன். வேறு மாதிரியும் கேட்கலாம் என்பதே புதிது.

புவனா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரையில் நாங்கள் நாலு பேரும் மங்கலாகத் தெரிந்தோம்.

"கூண்டுல முன்னப்பின்ன ஆளே வந்ததில்லேன்னா, யார் நீன்னுதான கேப்பாங்க?" என்றாள் மெதுவாக. "எத்தன பேருன்னு கேக்குறாங்க. அப்ப, இதுக்கு முன்ன ஒரு ஆளு வந்திருக்கு. கீழ போயி உசுரோட நின்னிருக்கு. இன்னும் ஆளுங்க மேல இருக்காங்கன்னு சொல்லிருக்கு."

டோவன்.

உள்ள வரியிலேயே அவன் இருந்திருக்கிறான். அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் அவன் பெயரை அடித்திருக்கிறேன்.

"அப்படியும் இருக்கலாம்" என்றாள் புவனா. "இல்லாமலும் போகலாம். ராத்திரி அப்பாட்ட ரெண்டையும் சொல்லுவேன். அவரு யோசிச்சுக்கட்டும்."

பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தாள். "வேற எங்கெங்க மாத்துன?"

சொன்னேன். விட்ட கெட்ட வார்த்தைகள். நாலாவதில் மெருகேற்றியது. சொல்லச் சொல்ல இன்னும் நினைவுக்கு வந்தன. நான் நினைத்ததைவிட நிறைய. அவள் முகம் இளகவில்லை.

"மொதல்ல இருந்து போடு. எழுத்து வேணாம். புரியலேன்னா நிறுத்துவேன். உள்ளது மட்டும் சொல்லணும். அசிங்கமா இருந்தாலும்."

"ஏ புவனா, எட்டு எபிசோடு!" என்றார் ச.அ.

"உங்களுக்குச் சோலி இருந்தா எந்திரிச்சுப் போங்கண்ணே."

அவர் எந்திரிக்கவில்லை. போட்டேன். இசை. வடம் மெல்ல ஆடுகிறது. மாரா திரும்பி, யாரிடமோ, முதல் வாக்கியத்தைச் சொல்கிறாள்.

புவனா கை நீட்டி லேப்டாப்பில் நிறுத்தினாள்.

"இப்ப என்ன சொன்னா?"