பெரியவரைப் பார்த்தவர்கள்

2025 மே 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கடையைத் திறந்தால் ஈ காக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் முல்லைத்தீவில் யார் போட்டோக்கொப்பி எடுக்க வரப்போகிறார்கள்? நல்லதாய்ப் போயிற்று. கஜனி போனில் பதிந்து அனுப்பிய குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். "யூலியக்கா, பெரியவர் வவுனியாவுக்கு வாறார்! சத்தியமா! தியேட்டரில, பெரிய திரையில!"

பெரியவர் என்றால் ஜப்பான் படங்களில் கடலைப் பிளந்துகொண்டு எழும்பி வருகிற அந்த இராட்சத மிருகம். ஜப்பான்காரர் வைத்த பெயர் எங்கள் ஒருவருடைய நாவிலும் நேராக நிற்கவில்லை. விசுவமடுப் பிரதாபன்தான் ஒருநாள், "அவ்வளவு பெரிய ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது மரியாதையில்லை. பெரியவர் எண்டு சொல்லுவம்" என்றான். அதுவே எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் பெயராயிற்று. பிரதாபன் வயல் செய்கிறவன். கஜனி வவுனியாவில் மருந்துக்கடையில் வேலை. இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். ஒருவரையும் நேரில் கண்டதில்லை.

குழுவில் ஒரேயொரு சட்டம். படம் பார்த்தவுடன் எழுதக்கூடாது, குரலில் சொல்ல வேண்டும். அழித்துத் திருத்தக்கூடாது. அழுகை வந்தால் அழுதபடி அனுப்ப வேண்டும். "மூளை வந்து கதைக்க முந்தி நெஞ்சு கதைக்கட்டும்" என்பது பிரதாபனின் விளக்கம்.

முப்பது வயதுப் பொம்பிளைக்கு இதென்ன பூதம் பார்க்கிற விசர் என்று பெரியம்மா கேட்பா. அவாவுக்குச் சொல்வதில்லை, இதிலே எழுதலாம். 2004 டிசம்பரில் நத்தாருக்கு நான் வவுனியாவில் அவா வீட்டில் நின்றேன். அடுத்த நாள் இங்கே கடல் எழும்பி அம்மாவைக் கொண்டுபோயிற்று. அப்பா கரையில் நின்று பார்த்தவர். அம்மா அந்தக் காலையில் எங்கே நின்றா, கடைசியாக என்ன சொன்னா, ஒன்றும் இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால் எழும்பிப் போய்விடுவார். அம்மாவின் படம்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாம் போய்விட்டது. அதனால் கடலுக்குள்ளிருந்து பெரிதாக ஏதாவது எழும்புகிற படம் என்றால் நான் விடுவதில்லை. அப்பா கண்டதை ஒரு மூலையிலாவது காணலாம் என்ற நப்பாசை. விசர்தான். இருக்கட்டும்.

மே 14, புதன்

வவுனியாப் பயணத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன்.

"தனியவோ?"

"கஜனி நிக்கிறாள் அப்பா."

"கஜனியை நீ கண்டனியோ?"

குரலைத்தான் தெரியும் என்றேன்.

"திரும்பி வர இருட்டிப்போடும். நானும் வாறன். நீங்கள் படத்தைப் பாருங்கோ, நான் வெளியில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறன்."

படம் பார்க்க அப்பாவைக் காவலுக்குக் கூட்டிக்கொண்டு போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் அவர் ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டு வருகிறார். கொலின்ஸ் அண்ணனின் கரைவலையில் கயிறு இழுக்கிறார். ஒரு காலத்தில் அதே வலைக்கு அப்பாதான் மண்டாடி. மண்ணில் நின்று கடலின் நிறத்தைப் பார்த்தே மீன் கூட்டம் எங்கே வருகிறது என்று சொல்லி, தோணிக்குத் துணி வீசிக் காட்டுவாராம். ஞானப்பிரகாசத்தின் கண்ணுக்குத் தப்பிய மீன் இல்லை என்று சனம் இன்றும் சொல்லும். 2004க்குப் பிறகு அவர் மீன் பார்க்க நிற்கவில்லை. எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். கயிற்றைப் பிடித்தால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இழுப்பார்.

மே 18

முள்ளிவாய்க்காலுக்குப் போய், போரில் செத்த சனத்துக்கு விளக்கு வைத்தோம். குழுவிலும் இன்று ஒருவரும் ஒன்றும் போடவில்லை.

மே 24, சனி

எங்கிருந்து தொடங்குவது? வவுனியாவுக்குப் போய் வந்தாயிற்று.

பிரதாபனின் குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. குரல் இடி மாதிரி. ஆள் என் தோளுக்குத்தான் வருவான். கஜனி என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். அப்பாவுக்கும் சேர்த்துப் பிரதாபன் ரிக்கற் எடுத்து வைத்திருந்தான். "இந்த வெயிலுக்க இருக்கப்போறீங்களோ ஐயா? உள்ள ஏசி. நித்திரையாவது கொள்ளுங்கோ." அந்த ஏசிக்குத்தான் அப்பா மயங்கினார்.

படத்தில் முதல் அரைவாசிக்குப் பெரியவர் வரவில்லை. ஒரு மீன்பிடி ஊர். வலை காய்கிறது, பெண்கள் மீன் வெட்டுகிறார்கள். எல்லாம் எங்கள் ஊர் மாதிரியே. ஒரு பெடியன் கரையில் நிற்கிறான். தூரத்தில் கடலில் ஒரு கறுப்புக் கோடு. அவன் சிரித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டி யாரையோ கூப்பிடுகிறான்.

அப்பா எழும்பி நின்றார்.

"மீன் இல்லையடா! கூப்பிடாதை! ஒருத்தரையும் கூப்பிடாதை!"

தியேட்டர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஐயா, இருங்கோ, மறைக்குது" என்று பின்னாலிருந்து சத்தம். நான் கையைப் பிடித்து இழுத்து இருத்தினேன். பெடியன் என்ன சொன்னான் என்பது கீழே ஆங்கிலத்தில்தான் ஓடியது. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவன் மீன் என்றுதான் சொன்னான்.

பிறகு பெரியவர் எழும்பினார்.

எழும்பினார் என்று எழுதினால் போதாது. முதலில் கடல்தான் எழும்பியது. அதற்குள்ளிருந்து முதுகு, தோள், பிறகு இன்னும் தோள் – முடியவே இல்லை. தோளிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, ஒரு மாரிகால மழையே அவர் மேலிருந்து பெய்தது. தலை திரைக்குள் அடங்கவில்லை. தியேட்டரில் இருந்த சனம் முழுக்க, தலையைக் காணலாம் என்பதுபோல, முகட்டை அண்ணாந்து பார்த்தது! நானும்தான். வாய்க்குள் இலையான் போயிருந்தாலும் தெரிந்திராது. கஜனியின் கையை எப்போது பிடித்தேனோ தெரியாது, அவளுடைய நகம் என் கையில் இறங்கியிருந்ததை வெளியே வந்துதான் கண்டேன். எனக்குப் பயமே வரவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் நான் இவ்வளவு சின்னவள் என்பது ஏனோ பெரிய சந்தோஷமாக இருந்தது.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். பயந்திருப்பார் என்று நினைத்தேன். இல்லை. பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது அவருடைய முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

படம் முடிந்து வாசலிலேயே எல்லோரும் குரல் பதிந்தோம். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, "ஐயோ ஐயோ" என்று மட்டும் கேட்கிறது. பேருந்தில் அப்பா யன்னல் பக்கம் இருந்து வெளியே இருட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மே 25, ஞாயிறு

அப்பா பூசைக்கு வரவில்லை.

மே 29, வியாழன்

இன்று நேராகக் கேட்டேன். "அந்தப் பெடியனைப் பாத்து ஏன் கூப்பிடாதை எண்டனீங்கள்?" சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் கூட்டிக்கொண்டு போயிருக்கவே கூடாது. காவலுக்கு வந்த மனுசனின் புண்ணைக் கிளறிவிட்டிருக்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தவர் திடீரென்று கேட்டார். "அந்தப் பிள்ளையள் படத்தைப் பற்றிக் கதைச்சதுகளே, அதைப் போடு பாப்பம்."

போட்டேன். பிரதாபன் கத்தியது, வேறு யாரோ சிரித்தது. பிறகு கஜனி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு: "நான் பயத்தில அழேல்லை. அவ்வளவு வடிவு. ஊரை உடைக்கப்போகுதெண்டு தெரியுது, ஆனா கண்ணை எடுக்கேலாமக் கிடக்கு. இன்னும் கொஞ்சம் நிக்காதோ எண்டு கிடந்தது."

"திருப்பிப் போடு."

போட்டேன்.

"இந்தப் பிள்ளை வெக்கப்படாமச் சொல்லுது" என்றார். "நானும் படம் பாத்தனான்தானே. நான் சொல்லலாமோ?"

பொத்தானை அழுத்திப் பிடிக்கக் காட்டிக் கொடுத்தேன். என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துக் கதைத்தார். காதில் விழுந்தபடியே எழுதுகிறேன்:

"தம்பி, பிள்ளையள், நான் யூலியானாவின்ர தேப்பன் கதைக்கிறன். படம் திறம். ஒண்டுதான் பிழை. எழும்பேக்க சத்தம் போட்டது. அப்பிடியில்லை. சத்தம் பிறகுதான் வரும். முதல் ஒரு கோடு. வலைக் காலமும் இல்லை, நத்தாருக்கு அடுத்த நாள், நான் சும்மா கரையில நிண்டனான். என்ர கண்ணுக்கு அது மீன் எண்டு பட்டுது. இந்தத் தொங்கலில இருந்து அந்தத் தொங்கல் மட்டும் கறுப்பு. சீவியத்தில அப்பிடி ஒரு கூட்டம் கண்டதில்லை. சந்தோசம் தாங்கேலாம மனுசியைக் கூப்பிட்டனான். அவா குசினிக்குள்ள மாக் குழைச்சுக்கொண்டு நிண்டவா. 'கலிஸ்ரா, ஓடி வா, வந்து பார்' எண்டு கத்தினனான். கையில மாவோட ஓடி வந்தவா. எனக்குப் பக்கத்தில வந்து நிண்டவா. அதுக்குள்ள அது மீன் இல்லையெண்டு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் நாங்கள் ஓடேல்லை. ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். கடல் எழும்பின அந்த வடிவு… 'என்ர மாதாவே' எண்டவா. பயத்தில சொல்லேல்லை. எனக்கு அவாவின்ர குரல் தெரியும். இவ்வளவு சனத்தைக் கொண்டுபோனதை வடிவெண்டு நான் ஆருக்குப் போய்ச் சொல்லுறது? பிறகு கடல் என்னைப் பனையில சொருகிப்போட்டுப் போட்டுது. அவாவை…"

பொத்தானை விட்டுவிட்டார். குரல் போய்விட்டது, குழுவுக்கு.

ஜூன் 2

அவர்தான் கூப்பிட்டவர்.

ஜூன் 4, புதன்

குசினிக்குப் பின்கதவு இருந்தது. றோட்டுப் பக்கம். அந்தப் பக்கத்தில நிண்ட அயல்வீட்டு மாமி ஓடித் தப்பினவா. அம்மாவும் குசினிக்கையே நிண்டிருந்தா? இவர் கூப்பிடாம விட்டிருந்தா? ஒரு கடலைப் பாக்க மனுசியைக் கூப்பிட வேணுமோ! இவ்வளவு காலமும் நான் கேட்டுக் கேட்டுக் களைச்சது இதைக் கேக்கத்தானோ?

சோறு போட்டு வைத்துவிட்டு வருகிறேன். கதைப்பதில்லை. அவரும் கேட்பதில்லை. குழுவைத் திறந்தும் பார்க்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பரிசுத்த ஆவியின் திருநாள். பூசையில் பிரசங்கம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மாவோடு ஓடி வந்த அம்மாதான் கண்ணுக்குள் நின்றா.

வீட்டுக்கு வந்து குழுவைத் திறந்தேன். அப்பாவின் குரலுக்குக் கீழே ஒரு நாள் முழுக்க ஒருவரும் ஒன்றும் போடவில்லை. பிறகு பிரதாபன். அந்த இடிக்குரல் இல்லை, மெல்லமாய்: "ஐயா, நானெண்டாலும் கூப்பிட்டிருப்பன். அப்பிடி ஒண்டைக் கண்டா ஆர் தனிய நிண்டு பாப்பினம்? ஆரில விருப்பமோ அவையைத்தான் வாய் கூப்பிடும்."

இதைக் கேட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். நாங்கள் இந்தக் குழு வைத்திருப்பது வேறு எதற்கு? பெரியவர் எழும்பியபோது நானும் கஜனியின் கையைத்தானே தேடிப் பிடித்தேன்.

இன்னொன்றும் யோசித்தேன். போன மாதம்வரை எனக்கு அம்மாவைப் பற்றி ஒன்றும் இல்லை. இப்போது மாவுக் கை இருக்கிறது. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற நிலை இருக்கிறது. "என்ர மாதாவே" இருக்கிறது. அறைக்குள் போய், பயமில்லாத குரலில் அதைச் சொல்லிப் பார்த்தேன். அழுகை பொங்கி வந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்து நன்றாக அழுதேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு அப்பா இருந்தபோது பிரதாபனின் குரலைப் போட்டேன். பிசைந்த கை அப்படியே கோப்பையில் நின்றது.

"இன்னொருக்காப் போடு."

போட்டேன். பிறகு சொன்னேன், "என்னைக் கூப்பிட்டிருந்தா நானும் வந்திருப்பன் அப்பா."

அவர் கோப்பையை என் பக்கம் தள்ளி, "மீன் குழம்பு கொஞ்சம் விடு பிள்ளை" என்றார். விட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள். அப்பா குழுவில் இரண்டாவது குரல் போட்டிருக்கிறார், என் போனை எடுத்து, என்னைக் கேட்காமலே! பெரியவருடைய வால் தண்ணீரை அடிக்கிற விதம் பிழையாம். பிரதாபன் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னேரம் முழுக்கச் சண்டை.

ஜூன் 19, வியாழன்

காலையில் கடையில் நல்ல சனம். ஒரு ரீச்சரின் வினாத்தாள் கட்டு மெசினில் ஓடிக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன். பின்னால் ஒரே காற்று, ஆட்கள் கத்துகிற சத்தம்.

"பிள்ளை, கடையை விட்டிட்டு ஓடி வா!"

"என்னப்பா? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. பாரைக் கூட்டம். கடல் கறுத்துப்போய்க் கிடக்கு. ஓடி வா, வந்து பார்!"

ரீச்சரிடம், "கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" என்றேன். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று அவா கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் விழுந்தெழும்பி ஓடினேன். கொலின்ஸ் அண்ணனின் ஆட்கள் கயிற்றோடு நின்றார்கள். தோணி வலையோடு தண்ணீரில் இருந்தது. அப்பா உயர்ந்த மணலில் ஏறி, கடலை நேரே பார்த்து, கழற்றிய சேர்ட்டைத் தலைக்கு மேல் வீசிக்கொண்டு நின்றார். மூச்சு வாங்க வாங்கப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.