தனியே சொன்னது

செப்டம்பர் 3, புதன்

பள்ளியின் சமரசக் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள்! இன்று முதல் பயிற்சி. சண்டை போட்ட இருவரையும் முதலில் தனித்தனியாகக் கேட்க வேண்டும், பிறகு ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. கேட்டதை நம் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்க வேண்டும். தனியே சொன்னதை, சொன்னவரைக் கேட்காமல் வெளியே விடவே கூடாது.

அத்தனையும் மனப்பாடம். "நாட்டாமை வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க" என்றாள் அக்கா. அம்மா நிஜமாகவே எழுந்து நின்றாள். சிரிக்கட்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

முதல் வழக்கு. ஒட்டகமும் பட்டாசும். உயரத்துக்காக ஒட்டகம், கோபத்துக்காகப் பட்டாசு; வகுப்பு வைத்த பட்டப்பெயர்கள். எங்கள் வகுப்பின் இறகுப்பந்து ஜோடி. போட்டி நெருங்குகிறது, இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பட்டாசு வெடித்தாள். "வேணும்னே பந்தை விடுறாடி. அவளுக்கு வேற ஜோடி வேணுமாம்."

ஒட்டகத்தை நூலகத்தில் தனியாகக் கேட்டேன். ரொம்ப நேரம் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு சொன்னாள்: "சாயங்காலமானா இடது கண்ணு மங்கலாயிடுது. பந்து எங்க வருதுன்னே தெரியல. கோச்சுக்குத் தெரிஞ்சா டீம்லேருந்து எடுத்துடுவாங்க. யார்கிட்டயும் சொல்லிடாத."

என்னிடம் மட்டும் சொன்னாள். என்னிடம் மட்டும்!

செப்டம்பர் 9

எழுதக் கை வரவில்லை.

செப்டம்பர் 10, புதன்

நேற்று நடந்தது இதுதான். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். "அவளுக்கு நான் வேணாம், அவ்ளோதான்" என்றாள் பட்டாசு. குரல் உடைந்துவிட்டது. ஒட்டகம் வாயே திறக்கவில்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

"அதாவது, அவளுக்கு சாயங்காலத்துல இடது கண்ணு சரியா தெரியல. அதான் பந்தை விடுறா. சரியா?"

"சரியா?" என்று கேட்கக்கூட மறக்கவில்லை நான்.

ஒட்டகம் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பட்டாசுதான், "லூசாடி நீ?" என்றாள்.

நல்லதுக்குத்தானே சொன்னேன்? இல்ல. பொய். நான்தான் சேத்து வெச்சேன்னு பேர் வாங்கணும், அதுக்குத்தான் சொன்னேன்.

"என்ன நாட்டாமை, தீர்ப்பு சொதப்பலா?" என்றாள் அக்கா. அழுதுவிட்டேன். அவள் அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

செப்டம்பர் 11

மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்ததில் பாதியைத்தான் சொன்னேன்.

"என் கண்ணு. நான்தான் சொல்லியிருக்கணும். எப்போன்னும் நான்தான் முடிவு பண்ணணும்" என்றாள் ஒட்டகம்.



செப்டம்பர் 16, செவ்வாய்

ஒட்டகம் தானாகவே போய்க் கோச்சிடம் சொல்லிவிட்டாள். கண் டாக்டரைப் பார்க்க வேண்டுமாம், இந்தப் போட்டிக்கு அவள் இல்லை. பட்டாசுக்கு வேறு ஜோடி தருவதாகச் சொன்னார்களாம். "அவ இல்லாம நானும் இல்ல" என்று மட்டையை உறையில் போட்டுவிட்டாள்.

மைதானத்து ஓர பெஞ்சில் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டு, ஆடுகிறவர்களைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நான். சமரசம் ஆகிவிட்டது. என்னால் போனது அவளுடைய போட்டி.

செப்டம்பர் 17

குழுவிலிருந்து விலகுகிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். "யோசிச்சு சொல்லு" என்றார்.

செப்டம்பர் 25, வியாழன்

மதியம் கீழ் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். "அக்கா, ஒண்ணு சொல்லணும். வெளிய சொல்ல மாட்டீங்கல்ல?"

நான் குழுவில் இருப்பதே சந்தேகம், வேறு யாரிடமாவது போ என்றேன்.

"புதுசா கண்ணாடி போட்ருக்காங்களே, உயரமான அக்கா. அவங்கதான் உங்ககிட்ட அனுப்பினாங்க. 'தைரியமாப் போ, இனிமே அவ சொல்ல மாட்டா'ன்னாங்க."

அவளை உட்கார வைத்தேன். முழுவதும் கேட்டேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவளையே கேட்டேன்.

என்ன சொன்னாள் என்பதை இங்கேகூட எழுதப்போவதில்லை.