வடக்கு மூலைக் கல்

தென்காசி,
நவம்பர் 3

அன்புள்ள அத்தானுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். போன்ல பாப்பா பேச்சை எடுத்தாலே கட் பண்ணிருதீங்க. அதான் எழுதுதேன்.

நம்ம ஊர்க் கல்லறைத் தோட்டம் இப்ப அடையாளமே தெரியாது. சிமெண்ட் சிலுவையெல்லாம் போயி, படம் பதிச்ச கருப்பு கிரானைட் வந்துட்டு. வடக்கு மூலை மட்டும் முள்ளாவே கிடந்துச்சு. ஞானஸ்நானத்துக்கு முன்னாலயே போன பிள்ளைகளை, நம்ம பாப்பாவையும், அங்கனதானே சிலுவைகூட இல்லாம வச்சாங்க.

அங்க ஒரு கல்லு வைக்கணும்னு ஃபாதர்கிட்ட கேட்டேன். "பேரு வைக்காத பிள்ளைகளுக்கு என்னம்மா எழுத?"ன்னாரு.

"பேரு வைக்கலைன்னு யாரு சொன்னா ஃபாதர்?"

அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில்ல அவரே, அந்தப் பிள்ளைகளுக்குப் பேரு வச்சிருந்தவங்க சொல்லுங்கன்னு கேட்டாரு. முதல்ல பூக்கடை ரெஜினா அக்கா எந்திரிச்சா. "எனக்கு மூத்தவன் ஒருத்தன் உண்டு ஃபாதர். தார்சிஸ்"ன்னா. பக்கத்துல அவ புருஷன் முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதாரு. அப்புறம் ஒவ்வொருத்தியா எந்திரிச்சுப் பேரு சொன்னாளுவ.

முள்ளை நாங்களே வெட்டினோம். நேத்து கல்லறைத் திருநாளுக்கு ஃபாதர் அந்தப் பேரெல்லாம் பொறிச்ச கல்லைத் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சாரு. தூத்தல்ல மெழுகுவத்தி அணைஞ்சிரக் கூடாதுன்னு ஊரே குடை பிடிச்சு நின்னுச்சு. எனக்கு அழுகை வரல அத்தான். தலை நிமிந்துதான் நின்னேன்.

வயித்துல இருக்கும்போதே அவளுக்கு ஆரோக்கிய மலர்னு பேரு வச்சிருந்தேன். உங்ககிட்டச் சொல்ல நேரம் வாய்க்கல. கல்லுல பேரு வெட்டுதவர், "இன்ஷியல் வேணுமாம்மா?"ன்னு கேட்டாரு.

"அவளுக்கு அப்பா இருக்காருல்லா, போடுங்க"ன்னேன்.

இப்படிக்கு,
உங்க மகளோட அம்மா