திரையில் எரிந்த மெழுகுவர்த்தி

1 மார்ச் 2007, வியாழன்
காலைப் பூசைக்குப் போய்வந்தேன். இட்லிக்கு அரைத்து வைத்தேன். மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்தால் மறுபடி அதே அசிங்கப் படங்கள். ஒன்றை மூடினால் இரண்டு வருகிறது. வீட்டுக்காரர் லியோ குவைத்திலிருந்து எங்கள் முகம் பார்த்துப் பேசுவதற்காக வாங்கித் தந்த பெட்டி. அதைத் தொடுவது நானும் பிளஸ் டூ படிக்கும் மகள் சான்ட்ராவும்தான். நான் இல்லை. அப்படியென்றால்?

2 மார்ச்
கேட்டேன். “சத்தியமா நான் இல்லம்மா.” தவக்காலத்தில் பொய்ச் சத்தியமா என்று கன்னத்தில் அறைந்துவிட்டேன். சாயந்திரம் கோயிலில் சிலுவைப் பாதைக்கு அவள் வரவில்லை.

4 மார்ச், ஞாயிறு
லியோவிடம் போனில் சொல்லிவிட்டேன். “சென்னை காலேஜும் வேணாம், ஹாஸ்டலும் வேணாம். கும்பகோணத்துல பஸ்ஸுல போய்வர்ற மாதிரி ஏதாவது படிக்கட்டும்.”
சான்ட்ரா பக்கத்திலேயே நின்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

5 மார்ச்
சாப்பிட்டாள். தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

8 மார்ச்
மூஸா பாய் கடைக்குப் போனேன். கூத்தாநல்லூர்க்காரர், சவுதியில் இருந்துவிட்டு வந்து பாபநாசத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். மகள் எதைப் பார்க்கிறாள், என்ன தட்டுகிறாள் என்று அவளுக்குத் தெரியாமல் காட்டுகிற ஏதாவது போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன்.
“ஏம்மா, அதுக்குப் பேரும் ஸ்பைவேர்தான், வேவு பாக்குற புரோகிராம். ஏற்கெனவே ஒண்ணு உள்ள வந்து உட்கார்ந்திருக்குன்னு நினைக்கிறேன், நீங்க இன்னொண்ணு கேக்குறீங்க. பெட்டியைக் கொண்டுவாங்க. எப்பலேருந்து இப்படி வருது?”
அதைச் சொல்ல எனக்கு ஞாபகம் தேவையில்லை. வீட்டில் எது நடந்தாலும் நோட்டில் எழுதுவேன்.

9 மார்ச்
பெட்டியையும் நோட்டையும் கொண்டுபோனேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது:
பிப். 21, விபூதிப் புதன் — இன்டர்நெட்டிலிருந்து இலவச மெழுகுவர்த்தி இறக்கிப் போட்டேன், திரையில் மாதா முன்னால் எரிகிறது.
பிப். 24 — அசிங்கப் படம், முதல் தடவை.
மூஸா பாய் அந்த இரண்டு வரியையும் விரலால் தொட்டுக் காட்டினார். “மெழுகுவர்த்தியை இலவசமா கொடுத்தவன் கூடவே இதையும் அனுப்பியிருக்காம்மா. புள்ளைய ஏதும் சொல்லிடாதீங்க.”
சொல்லிவிட்டேனே பாய்.
மெழுகுவர்த்தியைப் போட்ட அன்றைக்கு அது ‘சம்மதமா’ என்று நாலு தடவை கேட்டது. மாதா படம் போட்டிருந்ததால் நாலு தடவையும் சம்மதம் என்று அழுத்தினேன். என் பிள்ளை ஒரு தடவை சொன்னதை நம்பவில்லை.

11 மார்ச்
கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில், மகளைச் சந்தேகப்பட்டு அறைந்ததைச் சொன்னேன். ஃபாதர் ஒன்றே ஒன்று கேட்டார்: “மககிட்ட சொல்லிட்டீங்களா?”
இல்லை.

13 மார்ச்
இன்றும் இல்லை. நாளைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை, மனசைக் கலைக்க வேண்டாம் என்றிருந்தேன். இது நானே எனக்குச் சொல்லிக்கொள்ளும் சாக்குதானே?

17 மார்ச்
கடையில் சான்ட்ராவும் இருந்தாள். நான்தான் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எதைப் போடுவது என்று பேச்சு. விண்டோஸையே மறுபடி போட்டு வைரஸ் தடுப்பும் வாங்கலாம். மேக் கம்ப்யூட்டர் விலை நம் கைக்கு எட்டாது. விண்டோஸுக்குப் பதில் போடுகிற லினக்ஸ் இலவசம், ஸ்பைவேர் அதற்கு அதிகம் வருவதில்லையாம்.
மறுபடி இலவசமா? பயந்துபோய்க் கேட்டேன். மூஸா பாய் சிரித்தார். “இது வேற இலவசம்மா. ஆனா எதைப் போட்டாலும், கேக்குறதுக்கெல்லாம் சம்மதம்னு அழுத்தினா ஒண்ணும் செய்ய முடியாது.”
“அதை எங்க அம்மாகிட்ட சொல்லுங்க” என்றாள் சான்ட்ரா. ஒன்பதாம் தேதி ராத்திரியே நான் எழுதியதை நோட்டில் படித்திருக்கிறாள். எட்டு நாள், நான் எப்போது சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள்.
கடையிலேயே, பாய் முன்னாலேயே சொன்னேன்: “நான்தாண்டி. தப்பு என்மேலதான்.”
“அப்பாகிட்ட?”

18 மார்ச்
லினக்ஸ்தான். வேண்டிய படம் வந்தது, குரல் வந்தது. லியோ திரையில் தெரிந்ததும், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முழுதும் சொன்னேன். அறைந்ததையும். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “பாப்பா, அப்பாவை மன்னிச்சிரு” என்று அவளிடம் கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை அது.

11 ஏப்ரல், புதன்
லியோ வரவழைக்கச் சொன்ன சென்னை காலேஜ் விண்ணப்பம் தபாலில் வந்தது. நிரப்புவதற்கு முன்னால் எதையோ பார்க்கவேண்டும் என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள். இப்போது அதில் அவளுக்குத் தனி வழி, எனக்குத் தனி வழி. அவள் பாஸ்வேர்ட் தட்டும்போது நான் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
“பரவால்ல, பாரும்மா” என்று அவள் சொல்லவில்லை. நானும் திரும்பவில்லை.