தொல்லை என்கிற சொல்

மார்ச் 3, செவ்வாய்

வந்ததும் வராததுமாக முதலாளி கூப்பிட்டுவிட்டார். காது மெஷின் விற்கும் கடைக்கு இணையப் பக்கம் எழுதுவது என் வேலை. "நெட்ல தேடினா நம்ம கடை எங்கேயோ அடியில கிடக்கு. இந்த மாசத்துக்குள்ள மேலே வரணும். இல்லேன்னா நீங்க வேற இடம் பாத்துக்கங்கம்மா." மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் பயமுறுத்துகிறது.

வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "என்ன?" என்றார். மறுபடியும் "என்ன?" "ஒண்ணுமில்லப்பா!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். என் அப்பாவே மெஷின் போட மாட்டேன் என்கிறார். கேட்டால் "நான் என்ன செவிடா?" வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள்.

மார்ச் 5

எங்கள் பக்கத்தைச் சொல் எண்ணும் மென்பொருளில் போட்டேன். அதிகம் வருவது 'செவித்திறன்'. அடுத்தது 'குறைபாடு'. யார் இப்படித் தேடுவார்கள்? நானே தேட மாட்டேனே! இவ்வளவு நாளும் இதைத்தான் எழுதிக் குவித்திருக்கிறேன். கர்மம்.

மார்ச் 6

கடைக்கு விசாரித்து வந்த மெயில்களை எல்லாம் அதே மென்பொருளில் கொட்டினேன். காது கேட்காதவர்கள் எழுதுவதே இல்லை. பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். 'அப்பா', 'அம்மா', 'டிவி', 'சத்தம்' — அப்புறம் 'தொல்லை'. கத்திக் கத்தித் தொண்டை போச்சு, ஒரே தொல்லை, தொல்லை தாங்கல... நான்தான் எழுதினேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மார்ச் 9

புதிதாக எழுதி ஏற்றிவிட்டேன். தலைப்பு: 'அப்பாவின் டிவி சத்தம் தொல்லையா?' பத்திக்குப் பத்தி அந்தச் சொல். கொஞ்சம் உறுத்தியது. உறுத்தினால்? வேலை போனால் வீட்டை யார் ஓட்டுவது?

மார்ச் 14

பக்கம் இன்னும் மேலே அசையவில்லை. சாப்பாட்டுக்கு நடுவிலும் செல்போனைத் திறந்து பார்க்கிறேன். பைத்தியம் பிடித்துவிடும்.

மார்ச் 19

முதலிடம்!! முதலாளி எல்லோருக்கும் டீ சொன்னார். "பிச்சு உதறிட்டீங்கம்மா!" அப்பாடா.

மார்ச் 21

வீட்டுக்குள் நுழைந்தால் சத்தமே இல்லை. அப்பா டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். படம் மட்டும் ஓடுகிறது. கெட்டுவிட்டதா என்று கத்திக் கேட்டேன்.

"இல்லம்மா, நான்தான் குறைச்சேன்." பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "மெஷின் ஒண்ணு வாங்கிடலாம்னு தேடிப் பாத்தேன். உங்க கடைதான் முதல்ல வந்துச்சு. நீ எழுதினதுதானே? நல்லா இருக்கு."

நல்லா இருக்காம். ஐயோ. ஏன்டி, ஏன் அப்படி எழுதினே? அவர் டிவியில் பேசுகிறவர்களின் வாயசைவைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச் 23

'தொல்லை'யை எடுத்துவிட்டேன். ஒரு இடம் விடாமல். யாரையும் கேட்கவில்லை. 'அப்பாவுடன் நிதானமாகப் பேச வேண்டுமா?' என்று போட்டிருக்கிறேன். இப்படி எவனும் தேட மாட்டான். தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மார்ச் 27

பக்கம் மறுபடியும் அடிக்குப் போய்விட்டது. "யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்றார் முதலாளி. காரணத்தைச் சொன்னேன். "உங்க வீட்டுக் கதைக்கு நான் என்னம்மா பண்றது?" அவர் கேட்பதும் நியாயம்தான். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? இதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும், தெருவே கேட்கும்.

மார்ச் 31

கடைசி நாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன். "அப்பா! எனக்கு வேலை போயிடுச்சு!"

"ஏன் கத்துறே? கேக்குது."

அப்பாவின் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மெஷின். "எங்கேப்பா வாங்கினீங்க?"

"உன்னைக் கேக்காம உங்க கடையிலதான் வாங்கணும்னு ரெண்டு நாளாத் தேடினேன், பேரு ஞாபகம் இல்ல. காணவே காணோம். கடைசியில முதல்ல வந்த கடைக்குப் போயிட்டேன்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சரி, உக்காரு. வேலை ஏன் போச்சு?" என்றார்.

கத்தாமல் சொன்னேன்.