மாத்திட்டேன்னு சொன்னாங்க

புதன், இரவு

"இந்நேரத்துக்கு மெசேஜ் போடறதுக்கு மன்னிச்சுக்குங்க அக்கா" என்று ஆபீசில் எனக்கு சீனியரான செல்வி அக்காவுக்கு எழுதிவிட்டு அழித்தேன். நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

கார் மோதினால் என்ன ஆகும் என்ற கணக்கை எங்கள் ஒரகடம் ஆபீசில் பல கம்ப்யூட்டர்கள் பங்குபோட்டுச் செய்கின்றன. அவற்றுக்கிடையே டேட்டா வேகமாகப் போக, ஒரு தடவைக்கு அனுப்பும் அளவை நேற்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் பெரிதாக்கினேன். நடுவில் அவற்றை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சிலும் அதே அளவு இருந்தாக வேண்டும். அதன் பாஸ்வேர்டு அக்காவிடம்தான்.

"நான் மாத்திட்டேன், நீ கெளம்பு. பாப்பா பசில அழுதுகினு இருக்கும்" என்றார். நம்பி ஷேர் ஆட்டோ ஏறினேன்.

மாற்றவே இல்லை. சின்னச் செய்திகள் போயின; பெரிய ஃபைல்கள் ராத்திரி முழுக்க அப்படியே நின்றுவிட்டன. காலையில் மேனேஜர் கேட்டதும் அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கொழந்த பொறந்ததுல இருந்து இவளுக்கு வூட்டு நெனப்புதான் சார். பாதில வுட்டுட்டு ஓடிட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்பவர் அந்த மேனேஜர்தான்.

மத்தியானம் பார்த்தால் பெரிய ஃபைல்கள் போகின்றன; யாருக்கும் தெரியாமல் அக்கா ஸ்விட்சில் அளவை மாற்றியிருக்கிறார். என் வளைகாப்பில் முதல் வளையல் போட்ட கை அது.

பாப்பா புரள்கிறாள். மறுபடி எழுதி, இந்தத் தடவை அனுப்பிவிட்டேன்: "அக்கா, ஸ்விட்சுல அளவை மாத்தாதது நீங்கதான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சார்கிட்ட சொல்வீங்களா? சீக்கிரம் பதில் போடுங்க."